டட்லியின் ஐந்து புது டாங்கிகள்

பிளாஸ்டிக் டாங்கியை மேஜையில் வைத்தால் சத்தமே வராது. ரெசின் என்கிற கெட்டிப் பிசினில் வார்த்த டாங்கி 'தொம்' என்று உட்காரும். உள்ளங்கையில் அடங்குகிற பொம்மைப் போர் வண்டிதான், ஆனாலும் கனம் கனம்தானே. அந்தச் சத்தத்தை வைத்தே சக ஆட்டக்காரர் டட்லி என்னை இருபத்திரண்டு வருஷமாகக் கேலி செய்துகொண்டிருந்தார்.

"வந்துட்டாப்பா ஹேசல், செங்கல் மூட்டையோட," என்பார். "ரெசின் சோம்பேறிங்களுக்குத்தான், மகராசி. முழுசா வார்த்துக் கையில குடுத்துடறான். நாலு துண்டு ஒட்டினா வேலை முடிஞ்சுது. பிளாஸ்டிக்னா அறுபது துண்டு. பொறுமை வேணும், விரல் வேணும்."

"ஆமாய்யா, யாராவது தும்மினா உன் படை பூரா தரையில கிடக்கும்," என்பேன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள் நான். வாயில் யாரிடமும் தோற்றதில்லை. பல் செட் செய்து ஓய்வு பெற்றவர் அவர். விரலில் யாரிடமும் தோற்றதில்லை.

மான்ஸ்ஃபீல்ட் ஊரில் மெதடிஸ்ட் கிறிஸ்தவக் கோயில் கூடத்தில், சனிக்கிழமை மத்தியானம் எங்கள் சங்கத்தின் சண்டை; மேஜைமேல் டாங்கிகளை நகர்த்தி, பகடை உருட்டிச் சுடும் ஆட்டம். கதவில் இரண்டு விதி ஒட்டியிருக்கும். அவரவர் டாங்கியை அவரவரேதான் ஒட்டி, வர்ணம் அடித்துக் கொண்டுவர வேண்டும். ஆட்டத்தின் நடுவே எவர் டாங்கி உடைந்து விழுகிறதோ, அவர் எல்லாருக்கும் டீ போட வேண்டும். டட்லி ஒருநாள்கூட டீ போட்டதில்லை.

கிறிஸ்துமஸ் சமயம் டட்லி ஒரு வார்த்தை சொன்னார். "என்னைக்கு என் வண்டிய நானே ஒட்ட முடியலையோ, அன்னைக்கே கோட்ட மாட்டிட்டுக் கிளம்பிடுவேன். சும்மா உக்காந்து வேடிக்கை பார்க்கிற ஆள் நான் இல்ல." நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு மூன்று சனிக்கிழமை அவர் வரவில்லை. சளி என்றார்.

மார்ச்சில் புது அட்டைப்பெட்டியோடு வந்தார். அன்றைக்கு ஆட்டம் இரண்டாம் உலகப்போரின் நார்மண்டிச் சண்டை. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை வெட்டி வேலி நட்டு வைத்திருந்தேன். டட்லி பெட்டியைத் திறந்து முதல் டாங்கியை வேலி ஓரம் வைத்தார்.

தொம்.

எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம் ஏறியது. இருபத்திரண்டு வருஷத்துக்கும் சேர்த்து வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுக்க வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவர் டீக் கோப்பையைப் பார்த்தேன். பாதிதான் இருந்தது. அதையும் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். சின்னதாக, விடாமல், கோப்பை தட்டில் இடித்துக்கொண்டே இருந்தது. கிறிஸ்துமஸில் அவர் சொன்னது அப்போதுதான் உறைத்தது. டட்லி வராத சனிக்கிழமையை நினைத்ததும் எனக்குப் பயமாக இருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டேன். கூடத்தில் வேறு யாரும் அந்தத் 'தொம்' சத்தத்தைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

இரண்டு சுற்று ஒழுங்காகப் போனது. மூன்றாவது சுற்றில் டட்லி ஒரு டாங்கியைப் பிடித்து முன்னே தள்ளினார். டாங்கி போனது. அதன் இரண்டு சங்கிலிப் பட்டையும் வேலி ஓரத்திலேயே நின்றுவிட்டன.

கூடம் முழுக்கக் கைதட்டல். "டட்லி டீ! டட்லி டீ!" சங்கச் செயலாளர் மெர்வின் ஓடிவந்து டாங்கியைக் கையில் எடுத்தார். எடை பார்த்தார். முகம் மாறியது.

"என்ன டட்லி, இது ரெசினாச்சே?"

கைதட்டல் நின்றது. டட்லி எழுந்து போய்க் கொக்கியிலிருந்து கோட்டை எடுத்தார். "விரல் நடுங்குதுப்பா," என்றார், கோட்டிடம் சொல்வதுபோல. "அறுபது துண்டு இனிமே ஆகாது. சரி, நாலு துண்டாவது ஒட்டலாம்னு பார்த்தேன். அதுவும் நிக்கல. எல்லாம் முடிஞ்சுது."

எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வந்துவிடும்.

"யோவ், எதை வச்சு ஒட்டினே?"

"எப்பவும் ஒட்டுற பசைதான்."

"பிளாஸ்டிக் பசையா? அடப்பாவி! அது பிளாஸ்டிக்கைக் கரைச்சு ஒட்டுற பசைய்யா. ரெசின்ல அதுக்கு என்ன வேலை? வர்ணம் அடிக்கிறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கழுவினியா?"

"டாங்கிய எதுக்குக் கழுவணும்?"

நான் ஒரு டாங்கியை நகத்தால் சுரண்டினேன். வேகவைத்த உருளைக்கிழங்குத் தோல்போல வர்ணம் உரிந்து வந்தது. "அச்சுல தடவின எண்ணெய் அப்படியே இருக்கு. உன் கை நடுங்கலேன்னாலும் இந்தக் கழுதை நின்னிருக்காது. நான் ஒட்டினாலும் நிக்காது. புரியுதா?"

டட்லி கோட்டில் ஒரு கையை நுழைத்தபடி நின்றார்.

மெர்வின் தொண்டையைச் செருமினார். விதி என்று வந்தால் அவருக்குப் பெற்ற தாயும் ஒன்றுதான், பிறத்தியாரும் ஒன்றுதான். "ஒண்ணு மட்டும் கேக்கணும். இதை நீங்களேதான் ஒட்டினீங்களா?"

டட்லி சுற்றிலும் பார்த்தார். "இவ்வளவு கேவலமா வேற யாருப்பா ஒட்டுவான்?"

கூடமே சிரிப்பில் அதிர்ந்தது. அவரும் சிரித்தார். நுழைத்த கையை வெளியே எடுத்துக் கோட்டை மறுபடி கொக்கியில் மாட்டினார்.

அவரேதான் டீ போட்டார். பதினொரு கோப்பையும் பாதி பாதிதான். எல்லாரும் இன்னொரு தடவை கேட்டு வாங்கிக் குடித்தோம். பட்டை கழன்ற டாங்கி நகர முடியாது, ஆனால் சுடலாம் என்று விதிப்புத்தகத்தில் இருக்கிறது. நின்ற இடத்திலிருந்தே அந்த ஓட்டை வண்டி என் மூன்று டாங்கிகளைச் சுட்டுத் தள்ளியது. பகடை அன்றைக்கு அவர் பக்கம்.

போகும்போது என் சூப்பர் குளூவை அவர் பையில் போட்டேன். "விரல்ல ஒட்டிக்கிட்டா எனக்குப் போன் பண்ணாதே," என்றேன்.

அடுத்த சனிக்கிழமை எனக்கு முன்பே வந்திருந்தார். கட்டைவிரலில் பிளாஸ்திரி. ஐந்து டாங்கிகளும் கழுவி, ஒட்டி, புது வர்ணத்தில் நின்றன. வணக்கம்கூடச் சொல்லாமல் என் டாங்கியை எடுத்துத் தலைகீழாகப் பிடித்தார்.

"என்ன மகராசி, அடியில ஒரே காத்துக் குமிழியா இருக்கு? இதையெல்லாம் அடைச்சுத் தேய்க்க மாட்டியா? ரெசின்னா கொஞ்சம் பொறுமை வேணும்."

ரெசினைத் தொட்டு முழுசாக ஒரு மாதம் ஆகவில்லை, பேச்சைப் பாருங்கள். வாய் வலிக்கும்வரை அவரைத் திட்டினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் யாரையும் திட்டியதில்லை.