ரோஜாவின் சிவப்பு

பிப்ரவரி பதினொன்றாம் தேதி காலை, ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் போட்டோ ஸ்டுடியோவுக்கு அச்சகம் ஒரு கல்யாண ஆல்பத்தை நிறம் சரியில்லை என்று திருப்பி அனுப்பியது.

முதலாளி அதை மேசைமேல் விரித்தார். மாப்பிள்ளை, மாமனார், தூங்கும் கைக்குழந்தை, எல்லார் முகமும் சிவந்திருப்பதாகச் சொன்னார்.

"வீடே மிளகாயைக் கடிச்ச மாதிரி இருக்கும்மா. இது கல்யாணமா, பந்தயமா?"

ஆல்பத்துக்கு நிறம் திருத்தியவள் சிரிக்க முயன்றாள். அவள் கண்ணுக்கு அந்த முகங்களில் குறை எதுவும் தெரியவில்லை. மானிட்டர் கெட்டிருக்கும் என்றாள். முதலாளி பழுது பார்க்க ஆளை வரச் சொன்னார்.

அவள் கைப்பையில் மாத்திரை அட்டை இருந்தது. காசநோய்க்கு இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறாள். கணவனுக்கு மட்டும் தெரியும். இனி யாருக்கும் தொற்றாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனாலும் பெயரைக் கேட்டாலே நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்ளும் ஊர் இது. அந்த மருத்துவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: இதில் ஒரு மாத்திரை சிலருக்குக் கண் நரம்பைத் தொடும், நிறம் மங்கினால் அன்றைக்கே வர வேண்டும். கண் போனால் வேலை போகும். வேலை மட்டுமா போகும்?

மானிட்டராக இருக்கட்டும் என்று அவள் வேண்டாத தெய்வமில்லை.

கம்ப்யூட்டர் பழுது பார்க்க வந்தவன் அவள் கொழுந்தன். அண்ணியைப் பார்த்ததும், "வீட்டுல திட்டினது போதாதுன்னு இங்கயும் கூப்பிட்டீங்களா?" என்றான். திரையைத் திருப்பிப் பின்பக்கக் கேபிளைப் பிடுங்கி, முனையிலிருந்த ஊசிகளை ஊதிப் பார்த்தான். எதுவும் வளையவில்லை. புதுக் கேபிள் போட்டான், மாற்றமில்லை. இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதி அணைந்தே கிடந்தது. திரையை இயக்கும் டிரைவர் மென்பொருளையும் புதுப்பித்தான். ஒவ்வொன்றுக்கும் அவன் உதட்டைப் பிதுக்க, அவள் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

கடைசியில் முதலாளி அறையிலிருந்த மானிட்டரைத் தூக்கி வந்து மாட்டினான். மணப்பெண் கையில் ரோஜாக் கொத்தோடு நிற்கும், இன்னும் நிறம் திருத்தாத படம் வந்தது.

"இதுல சரியா இருக்கு பாருங்க அண்ணி."

அவள் கண்ணுக்கு அந்த ரோஜாக்கள் வெயிலில் வெளுத்த செங்கல் போல வெளிறிக் கிடந்தன. "ஆமா தம்பி" என்றாள்.

அப்படியானால் மானிட்டர்தான் என்று அவன் பழையதை மறுபடி மாட்டி, ஓரத்துப் பொத்தானை அழுத்தினான். நிற அளவுகள் வந்தன. பச்சை ஐம்பது, நீலம் ஐம்பது. சிவப்பு தொண்ணூற்றாறு.

"நூறைத் தொடப் போகுது. இன்னும் ஏத்தியிருந்தா திரையில மாப்பிள்ளை தீப்பிடிச்சிருப்பார். யாரு இப்படித் திருகினது?"

அவள்தான். முகங்கள் சோகை பிடித்தாற்போலத் தெரிந்த நாட்களிலெல்லாம் அந்தப் பொத்தானைக் கொஞ்சம் தட்டிவிட்டாள். அதிலும் போதாமல் படங்களிலும் சிவப்பைக் கூட்டினாள். திரைக்கு வயதாகிவிட்டது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். தட்டும்போதெல்லாம் மருத்துவரின் பேச்சு நினைவுக்கு வரும். அவசரமாக அடுத்த படத்துக்குப் போய்விடுவாள்.

கொழுந்தன் சிவப்பை ஐம்பதுக்கு இறக்கினான். ரோஜாக்கள் மறுபடி செங்கல்லாயின.

"தம்பி, அந்தப் பூ உனக்கு என்ன நிறமாத் தெரியுது?"

"என்ன கேள்வி இது? நல்ல ரத்தச் சிவப்பு."

"எனக்கு அப்படித் தெரியலப்பா."

அவன் சிரிக்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவள் கைப்பையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்து அவன் கையில் வைத்தாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் முதலாளி நிற்பது தெரிந்தும் குரலைத் தாழ்த்தாமல் நோயின் பெயரைச் சொன்னாள். கொழுந்தன் அட்டையைப் படித்துவிட்டு, பைக் சாவியை எடுத்தான்.

மருத்துவமனையில் நிறப்புள்ளிகளுக்குள் எண்கள் ஒளிந்திருக்கும் புத்தகத்தைக் காட்டினார்கள். முதல் பக்கத்து எண்ணை மட்டும் அவளால் படிக்க முடிந்தது. மருத்துவர் அந்த ஒரு மாத்திரையை நிறுத்தி வேறொன்று எழுதினார். பார்வை திரும்பச் சில மாதங்கள் ஆகலாம், முழுதாகத் திரும்பும் என்று இப்போதே சொல்ல முடியாது என்றார்.

ஆல்பத்தை வேறொருவர் திருத்தினார். மானிட்டரில் பழுது எதுவும் இல்லை.