மேசை மேல் நின்ற தங்கை

எங்கள் வாலிபர் குழுத் தலைவரை எல்லோரும் பிரதர் என்பார்கள். நான் மனசுக்குள் வேறொன்று சொல்வேன், அதை இங்கே எழுத முடியாது. வார நாட்களில் விபத்துக் காப்பீடு விற்பார். சனி ஞாயிறில் விசுவாசம். இரண்டுக்கும் அதே இளிப்புதான்.

அவர் நடத்திய ஒரு வாரக்கடைசி முகாமுக்கு என் தங்கையை நான்தான் கூட்டிப்போனேன். அப்பாவுக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்காலில் கிடந்தவள், அப்பா போனபிறகு ஜெபத்தையே விட்டுவிட்டாள். இரண்டு வருஷமாகச் சாப்பாட்டுக்கு முன்னால்கூடக் கண்ணை மூடுவதில்லை. "அங்க போயாவது பழையபடி ஆகட்டும்டி" என்று அம்மா அழுதாள். எனக்கும் அந்த நப்பாசை இருந்தது. தங்கை ஒன்றே ஒன்று கேட்டாள்: "என்னை யாரும் முன்னால இழுத்து நிறுத்தக் கூடாதுக்கா."

பிரதரிடம் சொன்னேன். "கவலைய விடுங்க சிஸ்டர்" என்றார். சொல்லிவிட்டு, பிள்ளைகள் கடைக்கு நழுவாமலிருக்க முகாம் கூடத்தின் வாசல் கதவைப் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

அப்புறம் விளையாட்டு. பலூனை உடைத்தால் பாவம் உடைந்ததாம். நாற்காலியைச் சுற்றி ஓடி இடம் பிடித்தால் பரலோகத்தில் இடமாம். தலையில் அடித்துக்கொண்டேன்.

கடைசியாக வந்தது விசுவாசச் சோதனை. ஒருவர் சாப்பாட்டு மேசைமேல் ஏறி, முதுகைக் காட்டி நின்று, கண்ணை மூடிப் பின்னால் சாய வேண்டும். கீழே இரண்டு வரிசையாய்க் கை நீட்டி நிற்பவர்கள் தாங்கிப் பிடிப்பார்கள்.

"கர்த்தர்கிட்ட ரொம்ப நாளா பேசாத ஒருத்தங்க நம்ம நடுவுல இருக்காங்க. அவங்க வரட்டும்" என்று தங்கையையே பார்த்தார் பிரதர். கூட்டம் மொத்தமும் திரும்பியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வேண்டாம்னு சொன்னேன்ல பிரதர்?"

"அக்காவுக்கே விசுவாசம் இல்ல போலிருக்கே!"

எல்லோரும் சிரித்தார்கள். தங்கை வெளிறிப்போய் மேசையில் ஏறினாள். நான் இடித்துத் தள்ளிக்கொண்டு வரிசையில் போய் நின்றேன்.

அவள் கண்ணை மூடினாள். அந்த நேரம் பார்த்துப் பிரதருக்கு ஆவி பொங்கிவிட்டது. "ஜெபிப்போம்!" என்றார்.

அந்த ஒரு சொல் போதும் எங்கள் ஆட்களுக்கு. நீட்டிய கைகளெல்லாம் மடங்கிக் கூப்பிக்கொண்டன. தலைகள் குனிந்தன, கண்கள் மூடின. பழக்கம் விட்டுப்போன என் தங்கையோ, அதுதான் சாயச் சொல்லும் உத்தரவு என்று நினைத்துச் சாய்ந்துவிட்டாள்.

பிரதர் ஜெபித்தால் நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதனால் பிழைத்தாள். பாய்ந்து தலையைப் பிடித்தேன், அவள் முழங்கை மட்டும் தரையில் மோதியது. அவள் அலறிய அலறலில்தான் கண்கள் திறந்தன.

"பாத்தீங்களா, தலைக்கு ஒண்ணும் ஆகல! கர்த்தர் தாங்கினார்!" என்றார் பிரதர். கைதட்டல் வேறு. வெட்கங்கெட்ட ஜென்மங்கள்.

வீங்கிய கையைத் துண்டால் தொட்டில் கட்டிவிட்டு, வீட்டுக்குப் போகிறோம் என்றேன். "நாளைக்குத் தங்கச்சி மேடையில, கர்த்தர் தாங்கினார்னு சாட்சி சொல்லணும். அதுக்கு முன்னால போனா சாத்தான் ஜெயிச்ச மாதிரி" என்றார். சாவி அவர் பாக்கெட்டில். தங்கை என்னை நிறுத்தினாள். "இரு அக்கா. சொல்லிட்டே போறேன்."

அதே கூடத்தில் நடந்த ஞாயிறு ஆராதனையில் மேடை ஏறினாள். மைக்கை நல்ல கையில் பிடித்தாள்.

"நேத்து நான் விழுந்தேன். அப்ப இங்க கண்ணைத் தொறந்து வச்சிருந்தது எங்க அக்கா மட்டும்தான்."

பிரதர் இருமினார்.

"அவ்வளவுதான் சாட்சி. இப்ப எல்லாரும் ஜெபிப்போம்."

முதலில் கண்ணை மூடியது பிரதர். பின்னாலேயே மொத்தக் கூட்டமும். தங்கை மெதுவாக இறங்கி வந்து என் தோளைத் தட்டினாள். பைகளை எடுத்துக்கொண்டோம். வாசல் கதவின் கைப்பிடியைத் திருகினேன், திறந்துகொண்டது. ஒருவரும் பார்க்கவில்லை.

பஸ்ஸில் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு அவள் என் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

"அக்கா, மேடையில நான் நெஜமாவே ஜெபிச்சேன்."

"என்னன்னு?"

"கதவு பூட்டியிருக்கக் கூடாதுன்னு."