கூட நடக்க ஒரு ஆள்

மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகு தென்காசி வீட்டில் ஆனந்தவள்ளியும் நல்லக்கண்ணுவும் மட்டும்தான். திருவிழாவுக்கும் தேர்தலுக்கும் பந்தோபஸ்து நின்றே காலம் கழிந்த சப்-இன்ஸ்பெக்டர் நல்லக்கண்ணுவுக்கு, முதன்முதலாகச் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தது.

“இமயமலையில நடந்து ஏறுவோமாட்டி, நாம ரெண்டு பேரும்?” என்று அவர் கேட்டபோது, கல்யாணமான புதிதில் போல அவளுக்கு முகம் சூடாகிவிட்டது.

கூட்டிப்போகிற திருநெல்வேலிக் குழு சொன்னதையெல்லாம் நல்லக்கண்ணு தட்டாமல் செய்தார். மழைக்கோட்டு, கம்பளி, மாத்திரைகள் எல்லாம் வாங்கியாயிற்று. புது ஷூவோடு மலையேறக் கூடாது, இங்கேயே போட்டு நடந்து பழக்க வேண்டும் என்று தினமும் சொன்னார்.

“சேலைக்குக் கீழ ஷூவா? தெருவே சிரிக்கும், கேட்டியளா.”

“சிரிச்சா சிரிக்கட்டும். கால் உனக்கா, தெருவுக்கா?”

அவள் கேட்கவில்லை. அதற்குப் பதில் வாராவாரம் கடையம் பக்கத்துத் தோரணமலையில் அவரோடு ஏறினாள். முருகன் மலை என்பதால் செருப்பை அடிவாரத்திலேயே விட்டுவிடுவார்கள். வெறுங்காலோடு மூச்சு வாங்காமல் உச்சிக்குப் போனாள். சர்க்கரை அளவும் இறங்கியது.

“பாத்தியளா, ஆடு மாதிரி ஏறுதேன்!”

“மானுன்னு சொல்லுட்டி. ஆட்டைக் கெட்டிக்கிட்டவன்னு என்னையச் சொல்லுவானுவ.”

புறப்பட ஒரு வாரம் இருக்கையில், முதுகில் பையோடு வீட்டிலிருந்து குற்றாலம் வழியாக ஐந்தருவிக்கு நடந்து பார்த்தார்கள். அன்றுதான் ஷூவைப் போட்டாள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. பாதி வழியில் குதிகால் எரிய ஆரம்பித்தது. சொல்லியிருப்பாள். ஆனால் வழுக்கும் என்று அவர் அவள் கையைப் பிடித்திருந்தார். ஊர் பார்க்க அவர் கைபிடித்து நடந்ததே இல்லை. நின்றால் விட்டுவிடுவாரே என்று நடந்தாள்.

ஐந்தருவியில் கழற்றியபோது காலுறை முழுக்க ரத்தம்.

“சுகர் இருக்கிற காலுக்கா இது. ஆறணும்னா மாசமாகும். மலைப் பேச்சே வேண்டாம்” என்றாள், அன்று சாயங்காலம் காலுக்குக் கட்டுப் போட்ட டாக்டர் ஜன்னத்.

வீட்டுக்கு வந்ததும் ஆனந்தவள்ளியே ஆரம்பித்தாள்.

“நீங்களாவது போயிட்டு வாங்க.”

போடி, நீ இல்லாம நான் மட்டுமா என்று அவர் திட்டுவார். அதைக் கேட்கத்தான் சொன்னாள்.

நல்லக்கண்ணு தரையைப் பார்த்தார். “இந்த லீவை விட்டா மறுபடி தர மாட்டாவ வள்ளி.”

போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். ஜன்னல் வழியே எல்லாம் கேட்டது.

“சார், மலையில யாரும் தனியா நடக்கக் கூடாது, ஜோடி ஜோடியாத்தான் போவணும்னு சொன்னியள்லா? என் வீட்டுக்காரி வரல. எனக்கு வேற ஆளைப் போட்டுருங்க.” அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, சிரித்தார். “யாரா இருந்தாலும் சரிதான் சார்.”

உள்ளே வந்தவர் அவள் கண்ணீரைப் பார்த்துப் பதறிவிட்டார்.

“ரொம்ப வலிக்குதாட்டி?”

“எரியுது.”

உடனே தரையில் உட்கார்ந்து, அவள் காலை மடியில் தூக்கி வைத்து, கட்டுக்கு மேலே மெல்ல ஊதினார். அக்கறையாக, நிறுத்தாமல் ஊதினார். அவருடைய நரைத்த தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள் ஆனந்தவள்ளி.

“இப்பம் எப்படி இருக்கு?”

“பரவாயில்லங்க” என்றாள்.