அம்புறோஸின் அடக்கம்

கம்பளை ஊரின் கத்தோலிக்கப் பங்கில் யார் இறந்தாலும், குழி வெட்ட ஆள் பிடிப்பதிலிருந்து கல்லறையில் பாட்டு எடுத்துக் கொடுப்பது வரை அம்புறோஸ்தான் பார்ப்பார். கொரோனா வந்து அவரே ஆஸ்பத்திரியில் இறந்தபோது என்ன செய்வதென்று யாருக்கும் விளங்கவில்லை. கோயில் பூட்டிக் கிடந்தது. கொரோனாவில் இறந்தவர்களைப் புதைக்கக் கூடாது, எரிக்கத்தான் வேண்டும் என்று அப்போது சட்டம் இருந்தது.

மனைவி டொரதியை வீட்டுக்குள்ளேயே தனிமைப்படுத்தி வைத்திருந்தார்கள். வெளியூரில் வேலை செய்த மகன் எஸ்ரன் மட்டும் கண்டிச் சுடலைக்குப் போனான். பின்னேரம் சாம்பல் நிரப்பிய ஒரு மண்முட்டியோடு வாசலில் வந்து நின்றான்.

"அப்பா முகத்தப் பாத்தியா?"

"இல்லம்மா. பெட்டிய சீல் வச்சிருந்தாங்க. தூரத்துல நிக்கச் சொன்னாங்க."

"அப்ப இது அவருதான்னு எப்படித் தெரியும்?"

எஸ்ரன் முட்டியை வாசற்படியில் வைத்தான். "மூணு பெட்டி வந்துச்சும்மா. பேரு சொல்லித்தான் குடுத்தாங்க."

டொரதி முட்டியை உள்ளே எடுத்து மேசையில் வைத்தாள். அது சரியில்லை என்று பட்டது. மாதா படத்துக்குக் கீழே வைத்தாள். அதுவும் சரியாகப் படவில்லை. அழுகை வரவில்லை. நடந்து போய் அம்புலன்சில் ஏறிய மனிதர். இறந்துவிட்டார் என்று போனில் ஒருவர் சொன்னார், அவ்வளவுதான்.

அவளுக்கு வெளியே போக அனுமதி கிடைத்ததும் பங்குத்தந்தை பிரதீஸ் அடிகள் வந்தார். வயதில் அவளைவிட இளையவர்.

"சாம்பலை அடக்கம் பண்ணலாம் அக்கா. திருச்சபை அதை ஏத்துக்குது."

"உயிர்த்தெழும்போது உடம்பு வேணுமே, ஃபாதர்?"

"மண்ணுல இருந்து உண்டாக்கினவருக்கு சாம்பல்ல இருந்து எழுப்ப ஏலாதா?"

"அது அவரோட சாம்பல் இல்லாட்டி?"

அடிகள் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டார். "எனக்குத் தெரியலக்கா," என்றார்.

அடக்கத்துக்கு ஐந்து பேர் வந்தார்கள். அடிகள் புத்தகத்தைத் திறந்து, "இந்த உடலை" என்று வாசித்து நிறுத்தினார். "இந்தச் சாம்பலை" என்று மாற்றினார். பாட்டு எடுக்க வேண்டிய இடம் வந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் டொரதியே எடுத்தாள். சுருதி மேலே போய்விட்டது. அவளுக்கு எட்டாத இடத்தில் எஸ்ரன் சேர்ந்துகொண்டான்.

முட்டியைக் குழிக்குள் இறக்கப் போகும்போது அவள் கையைக் காட்டித் தடுத்தாள்.

"அன்னைக்கு எரிச்ச மத்த ரெண்டு பேருக்கும் ஜெபிங்க, ஃபாதர்."

"பேரு தெரியாதேக்கா. நம்ம வேதக்காரங்களோ என்னமோ."

"எனக்கும் தெரியாது. இது அவங்கள்ல ஒருத்தரா இருந்தா, அடக்கம் பண்றது நாங்கதானே."

அடிகளுக்கு என்ன வாசிப்பதென்று தெரியவில்லை. புத்தகத்தை மூடிவிட்டுத் தன் வார்த்தையில் ஜெபித்தார், தடுமாறித் தடுமாறி. அப்போதுதான் டொரதிக்கு அழுகை வந்தது. யாருக்காக என்று அவளுக்கு விளங்கவில்லை. எஸ்ரன் அவள் தோளைப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் முட்டியை இறக்கி மண்ணைத் தள்ளினார்கள்.