நூற்று நாற்பத்தொன்றாவது சாவுக்குப் பிறகு

காலை பத்து மணிக்குச் சுட்டுக் கொல்லப்பட்ட ஓட்டிஸ் ப்ராம்லி, மதியம் என் ஒப்பனை நாற்காலியில் வந்து உட்கார்ந்து மீசையை எடுக்கச் சொன்னார். ஹங்கேரியிலிருந்து இந்த ஸ்டுடியோவுக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது எனக்கு. எடுத்த கத்தியைக் கீழே வைத்தேன்.

அது சாதாரண மீசை இல்லை. இருபத்திரண்டு வருடமாக அவருக்குச் சோறு போட்ட மீசை. குதிரைத் திருடன், வங்கிக் கொள்ளைக்காரன், சீட்டாட்ட மோசடிக்காரன் என்று நூற்று நாற்பத்தொரு கௌபாய் படங்களில் அதை முறுக்கியபடி வந்து செத்திருக்கிறார். ஒன்றில்கூட அவர் பாத்திரத்துக்குப் பெயர் கிடையாது. எடுத்துவிட்டால் மறுபடி அடர்த்தியாக வளர மூன்று மாதமாகும். அதுவரை யாரும் அவரைக் கூப்பிட்டுக் கொல்ல மாட்டார்கள்.

இந்தப் படத்தில் நீதிபதி வார்ட்லாவாக நடிக்க வேண்டியவர் காய்ச்சலில் விழுந்துவிட்டார். கடைசிக் காட்சி முழுக்க நீதிபதியின் பேச்சுதான். நீதிமன்ற அரங்கை மறுநாள் பிரித்துவிடுவார்கள். எந்தப் படமானாலும் எல்லோருடைய வசனத்தையும் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் ஓட்டிஸ், இயக்குநர் கெஸ்லரிடம் தானே போய்க் கேட்டிருக்கிறார்.

"யோவ், காலைலதான்யா உன்னைக் கொன்னோம். ஊரே பாத்துச்சு."

"மீசையத்தான் சார் பாத்துச்சு. என் மூஞ்சிய இதுவரைக்கும் எவன் பாத்தான்?"

ஒரே ஒரு தடவைதான் எடுப்பேன், தேறவில்லை என்றால் காட்சியையே வெட்டிவிடுவேன் என்று கெஸ்லர் சொல்லிவிட்டாராம்.

நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"எடு இலோனா. செத்துச் செத்து முதுகு வலிக்குது."

மீசைக்கடியில் வெயிலே படாத வெள்ளைத் தோல். மற்ற முகத்தோடு சேர மூன்று பூச்சு தேவைப்பட்டது.

ஒத்திகையில் அவரே மரச்சுத்தியலால் மேசையைத் தட்டினார். அந்தச் சத்தத்துக்கு அவர் உடம்பு தானாகப் பின்னால் சரிந்தது, குண்டடி பட்டதுபோல. அரங்கமே சிரித்தது. காலையில் அவரைச் சுட்ட கதாநாயகன் டேல், குற்றவாளிக் கூண்டில் நின்றபடி, "நான் சுடலண்ணே, எந்திரிங்க" என்றான். கெஸ்லர் கடிகாரத்தைப் பார்த்தார்.

கேமரா ஓடியது. இந்தத் தடவை சுத்தியலை ஓங்கித் தட்டினார். தோள் அசையவில்லை. அந்தக் கொள்ளைக்காரனைக் கொன்றதற்காக டேலை விடுதலை செய்யும் பேச்சு அது. மடமடவென்று சொல்லிக்கொண்டே வந்தவர், செத்தவனைப் பற்றிய இடத்தில் குரலைத் தாழ்த்தினார்.

"அவன் திருடன்தான். ஆனா அவனுக்கும் ஒரு பேரு இருந்திருக்கும். இந்த ஊர்ல ஒருத்தரும் கேக்கல."

டேலின் கண் கலங்கியது. ஒத்திகையில் அது இல்லை. பேச்சு முடிந்தும் கெஸ்லர் 'கட்' சொல்ல மறந்து நின்றார். விளக்குப் பிடித்தவர்கள்தான் முதலில் கைதட்டினார்கள். அப்புறம் காலையில் அவரோடு சேர்ந்து செத்த நான்கு பேரும் தொப்பியைக் கழற்றினார்கள்.

"அடுத்த படத்துக்கும் மீசை வளக்காதய்யா," என்றார் கெஸ்லர். "'நீதிபதி வார்ட்லா - ஓட்டிஸ் ப்ராம்லி'ன்னு டைட்டில்ல பேர் போடச் சொல்றேன்."

ஓட்டிஸ் எழுந்தார். கைதட்டல் ஓயவில்லை. எப்போதும் செத்துக் கிடந்து 'கட்' கேட்டதும் எழுந்து செய்வதுபோல, குனிந்து முழங்காலைத் தட்டினார், முழங்கையைத் தட்டினார். கறுப்பு அங்கியிலிருந்து ஒரு துளி மண்கூட உதிரவில்லை. கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.