பழைய கம்பைலரும் அந்த ஒருவரும்

கம்பைலரை மாற்றலாமா என்ற கேள்வி எங்கள் குழுவில் வந்தபோதெல்லாம் "வேண்டாம்" என்று மல்லுக்கு நின்றவள் நான் ஒருத்திதான். நாங்கள் சில பேர், ஆளுக்கொரு தேசத்தில் உட்கார்ந்து, சம்பளமில்லாமல் ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பராமரிக்கிறோம். என் தேசம் ஆலங்குடியில் ஒரு வீட்டு மாடி. நாங்கள் எழுதுகிற நிரலைக் கணினிக்குப் புரிகிறபடி மாற்றித் தருவது கம்பைலர். புதியது வேகமானது, பிழைகளையும் முன்கூட்டியே காட்டிவிடும். ஆனால் பழைய கணினிகளைக் கைகழுவிவிட்டது. மாற்றினால் அவற்றுக்கு இனி எங்கள் சிஸ்டம் இல்லை.

"அதையெல்லாம் இன்னும் யார் வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டார்கள்.

"ஒருவர் இருக்கிறார்" என்று எழுதினேன்.

இருந்தார். தினமும் காலையில் அவர் கணினியிலிருந்து எங்கள் சர்வருக்கு 'இங்கே எல்லாம் சரி' என்று ஒரு வரி வரும். பெயர், ஊர் வராது. யாரையும் வேவு பார்க்கக் கூடாது என்று அந்த விதியைச் சண்டைபோட்டு வாங்கியவளும் நானே. காபி டம்ளரோடு முதலில் அந்த வரியைத்தான் பார்ப்பேன். மாடியில் நாள் முழுக்க என்னோடு பேச வேறு யார் இருக்கிறார்கள்? முகம் தெரியாத ஒருவர் என்னை நம்பி இருக்கிறார் என்று நினைத்தால்தான் சோறு இறங்கியது. சிரிப்பீர்கள், சிரியுங்கள்.

கடைசியில் குழு கெடு வைத்தது. அந்த ஆள் பதில் சொன்னால் பழைய கம்பைலரே இருக்கும், இல்லையென்றால் புதியது. பழைய கணினிகளின் திரையில் மட்டும் தெரியும்படி, 'நீங்கள் யார்? ஏதாவது எழுதுங்கள்' என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி அனுப்பிவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

போன் அடித்தது. கீரமங்கலத்தில் பூ கமிஷன் கடை வைத்திருக்கும் ஞானமணி அண்ணன்.

"ஏம்மா பிரகதி, எடைச்சீட்டு போட ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டி குடுத்தியே, அதுல என்னமோ இங்கிலீசுல கேக்குது. எந்தப் பட்டன அமுக்கணும்?"

"அதை இன்னும் வச்சிருக்கீங்களாண்ணே?"

"சீட்டெல்லாம் இப்ப போன்லதான். அணைக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன? மொதப் பூவ அதுக்கு வச்சிட்டுத்தான் தராசையே தொடுவோம். அது பாட்டுக்கு ஓடுது."

அடிப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். உலகத்தின் எந்த மூலையிலும் யாருமில்லை. இத்தனை நாளும் எனக்குச் சேதி சொன்னது, நானே கொடுத்து மறந்துபோன பெட்டி. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அணைச்சிரவா?" என்றார்.

"அணைச்சிருங்கண்ணே."

"நீயே வந்து அணைச்சிட்டுப் போயேன். இங்கிட்டு வந்து எம்புட்டு நாளாச்சு? ஒங்க அண்ணி கேட்டுக்கிட்டே இருக்கா."

"வாரேண்ணே."

குழுவுக்கு எழுதினேன்: 'யாருமில்லை. மாற்றிவிடலாம்.' ஆளாளுக்குக் கைதட்டுகிற பொம்மை போட்டார்கள்.

பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கீரமங்கலம். நான் போகவில்லை. மறுநாள் காலையும் அந்த வரி வந்தது. நான் வருவேனென்று அணைக்காமல் வைத்திருக்கிறார். அதற்கு மறுநாளும் வந்தது. அப்புறம் வரவில்லை.