சம்பந்தி வீட்டு வைக்கோல் கட்டு

வண்டி நிற்கும் முன்பே பால்காரம்மா குதித்து இறங்கிவிட்டாள். காலையிலிருந்தே அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மடியில் ஒன்பதாயிரம் ரூபாய் பத்திரமாக இருந்தது. எதிரே கொட்டகைக்குள் அறுநூறு வைக்கோல் கட்டுகள் கூரையை முட்டிக்கொண்டு நின்றன. மழை பெய்து புல் முளைக்கும்வரை அவளுடைய ஐந்து மாடுகளுக்கு நூற்றைம்பது கட்டு வேண்டும், மாட்டுக்கு முப்பது. குறைந்தால் செவலைப் பசுவை விற்க வேண்டியதுதான். செவலை இப்போது நிறைசினை, பால் வற்றியிருக்கிறது. தரகர் பாதி விலைதான் கேட்பார். ஆனால் கன்று போட்டுவிட்டால் ஐந்தில் அதிகம் கறப்பதும் அதுதான். நாளைக் காலை வருவதாகத் தரகர் சொல்லியனுப்பிவிட்டார்.

வைக்கோலை விற்பவர் வேறு யாருமில்லை, அவளுடைய சம்பந்தி. சுற்று வட்டாரத்தில் எல்லாரும் அவரைக் கறார் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயர் அவருக்குப் பொருந்தாது என்று அவர் வீட்டுப் பூனைகூடச் சொல்லாது.

"வாங்க சம்பந்தி. உறவு வேற, வைக்கோல் வேற. கிலோ அஞ்சு" என்றார்.

"நான் என்ன ஓசியிலயா கேட்டேன்? தராசை எடுத்து வைங்க."

அந்தப் பக்கத்தில் கட்டுகளை ஒவ்வொன்றாக நிறுக்க மாட்டார்கள். அவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கிறது? வாங்குகிறவர் ஒரே ஒரு கட்டை இழுத்து வெளியே போடுவார். அதன் எடைதான் அத்தனை கட்டுக்கும் எடை. இழுத்துப் போட்டபின் அவர் மாற்றக் கூடாது, விற்கிறவரும் முனகக் கூடாது. சாதாரணமாக ஒரு கட்டு பதினைந்து கிலோ இருக்கும். அந்தக் கணக்கில் அவள் பணத்துக்கு நூற்றிருபது கட்டுதான் வரும். பன்னிரண்டு கிலோக் கட்டு ஒன்று கையில் சிக்கினால் நூற்றைம்பது.

அது எங்கே கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். வயலின் கடைசியில், கட்டு கட்டுகிற மெஷினுக்குப் போட வைக்கோல் தீர்ந்துபோகும். அப்போது வெளியே வரும் கட்டு அரைவயிறாகத் தொளதொளவென்று இருக்கும், கயிற்றைக் கையால்தான் முடிய வேண்டும். சம்பந்திக்கு நாலு வயல். அப்படியானால் இந்த அடுக்குக்குள் நாலு கட்டுகள் அவளுக்காக ஒளிந்துகொண்டிருக்கின்றன! சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள்.

தராசுப் பக்கத்தில் மகள் நின்றாள், கையெல்லாம் மெஷின் எண்ணெய். மாப்பிள்ளை வெளியூர் வேலைக்குப் போனதிலிருந்து கட்டுகிற மெஷினை அவள்தான் ஓட்டினாள். எங்கே இருக்கிறது என்று பால்காரம்மா கண்ணாலேயே கேட்டாள். மகள் கூரையில் ஏதோ அதிசயம் கண்டதுபோல அண்ணாந்து பார்த்தாள். கட்டிக்கொடுத்தால் கட்சி மாறிவிடுகிறார்கள் என்று பெற்றவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒவ்வொரு கட்டாகத் தட்டினாள், கயிற்றுக்குள் விரல் விட்டாள். எல்லாம் விறைப்பாக இருந்தன.

"மாப்பிள்ளை பார்க்க வந்தப்பகூட இவ்வளவு தட்டிப் பார்க்கலையே சம்பந்தி!"

"அன்னிக்கே தட்டிப் பார்த்திருக்கணும்!" என்று மேலிருந்து பதில் வந்தது.

பின்வரிசையில், மேலிருந்து இரண்டாவதில், கயிறு நடுவே கையால் முடிச்சுப் போட்ட கட்டு ஒன்று தெரிந்தது. அதுவரை பார்த்த எதிலும் அப்படி முடிச்சு இல்லை. இதுதான் கடைசிக் கட்டு, சந்தேகமே வேண்டாம்! இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துப் போட்டாள்.

தராசு பதினைந்து கிலோ காட்டியது.

"இன்னொரு தரம் பாருங்க!"

பார்த்தார்கள். அதே பதினைந்து.

மகள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "நீ சரியாத்தாம்மா எடுத்திருக்கே. கடைசிக் கட்டு நாலையும் நான் பிரிச்சு, வைக்கோல் சேர்த்து, மறுபடி கட்டிட்டேன். பன்னண்டு கிலோவுல இந்தக் கொட்டகையிலயே கட்டு கிடையாது."

"இதையெல்லாம் யாருடி உனக்குச் சொல்லிக்கொடுத்தது?"

"யாரு? சின்னதுலேர்ந்து உன்கூடக் கட்டு தேடி அலைஞ்சவ நான்தானே."

கறார் வாயைப் பிளந்தார். "அப்போ இத்தனை வருஷமா நான்..."

"ஏமாந்தீங்க மாமா" என்றாள் மகள்.

பால்காரம்மாவுக்கு மகளை அறையலாம்போலவும் இருந்தது, தோளில் தூக்கிக்கொண்டு ஆடலாம்போலவும் இருந்தது. உடனே செவலையின் நினைப்பு வந்தது. அந்தக் கட்டின்மேலேயே பொத்தென்று உட்கார்ந்தாள். "முப்பது குறையுதே. நாளைக்குத் தரகன் செவலையை ஓட்டிட்டுப் போயிடுவானே..."

"என்கிட்ட முப்பது கட்டு இருக்கு." மகள் சுவரோரம் காட்டினாள். அங்கே ஒரு சின்ன அடுக்கு தனியாக இருந்தது. "மெஷின் ஓட்டின கூலி, இருபதுக்கு ஒண்ணு. மாமா எண்ணிக் கொடுத்தார்."

"என் கண்ணே!"

"கொஞ்சினது போதும். விலை, செவலை போடற கன்னு."

"காளையா கிடேரியான்னே தெரியாதேடி!"

"தெரியாமத்தான் நானும் எடுக்கறேன். பொறந்தப்புறம் மாத்தக் கூடாது, முனகக் கூடாது."

கறார் துள்ளி முன்னால் வந்தார். "செவலை கன்னா? நான் முப்பத்தஞ்சு கட்டு தர்றேன் சம்பந்தி!"

"மாமா! நடுவுல வராதீங்க!"

"நாற்பது!"

பால்காரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இருபது வருஷமாக அவரிடம் விலை குறைக்கத் தலைகீழாக நின்றிருக்கிறாள். இன்று அவரே முண்டியடிக்கிறார்! நாற்பதை ஐம்பதாக்க ஒரு நொடி போதும். மகளைப் பார்த்தாள். எண்ணெய்க் கையைப் பிசைந்துகொண்டு அவள் மூச்சுவிடாமல் நின்றாள். இந்தப் பெரிய வீட்டில் தன்னுடையது என்று சொல்ல அவளிடம் இருந்தது அந்த முப்பது கட்டு மட்டும்தான்.

"முப்பதே போதும். கன்னு இவளுக்கு" என்று பால்காரம்மா எழுந்தாள். "காளையா இருந்தா சொல்லுடி. அடுத்த ஈத்துல பொறக்கிறதைத் தர்றேன்."

"மாத்தக் கூடாதுன்னு சொன்னேனேம்மா."

"அது விக்கிறவங்களுக்கும் வாங்கறவங்களுக்கும். நான் உன்னைப் பெத்தவ."